ஒத்தமுடி ஓதியப்பனுக்கு முதல் மாலை

சங்குமுனைக் கடற்கரையில் நிற்கும் ஒத்தமுடி ஓதியப்பன் சிலைக்கு முதன்முதலில் மாலை போட்டவன் ராஜபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளி மாரிசாமி. அந்த மாலையைச் சரிசெய்யப் போய்ச் சிலையின் முடியைக் கையோடு கொண்டுவந்துவிட்டவன் அவனுடைய கூட்டாளி இருளப்பசாமி. நடந்தது இவ்வளவுதான். இதிலிருந்து ஒரு கலவரத்தை உண்டாக்குவது சாதாரண மனிதர்களால் ஆகிற காரியமில்லை. அதற்கென்று படித்துப் பரீட்சை எழுதி, ஜீப்பில் போகிற ஆட்கள் வேண்டும். சங்குமுனையில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

ஓதியப்பனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வந்த படக்கதை ஆள். பானை வயிறு, கட்டம் போட்ட சட்டை, மொட்டைத் தலை, தலை நடுவில் ஒரே ஒரு முடி. கோபம் வந்தால் முடி நட்டுக்கொள்ளும், பயம் வந்தால் சுருண்டுகொள்ளும். வாரா வாரம் கடைசிக் கட்டத்தில் சாக்கடையிலோ சாம்பார் அண்டாவிலோ விழுந்து கிடப்பான். படம் வரைந்தவர் சங்குமுனைக்காரர். அவர் காலமான பிறகு ஊர் வியாபாரிகள் சேர்ந்து கடற்கரையில் ஓதியப்பனைச் சிமெண்டில் செய்து நிறுத்தினார்கள். முடிக்கு மட்டும் இரும்புக் கம்பி. பிள்ளைகள் அவன் வயிற்றில் ஏறிச் சறுக்கும். சுண்டல்காரர் சைக்கிளைச் சாத்தி வைப்பார். போலீஸ்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அந்தச் சிலைக்கு அதுதான் நல்ல காலம்.

மாரிசாமியும் இருளப்பசாமியும் ஒரே மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். வீடு அடுத்தடுத்த தெரு. இருளப்பசாமிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சோம்பல். சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மாரிசாமி ஓதியப்பன் கதையை வாசிப்பான். இவன் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பான். கேட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இவனுக்குச் சிரிப்பு வரும். வந்தால் நிற்காது, சோறு புரையேறும், மாரிசாமி முதுகில் தட்டுவான். பத்திரிகை நின்றுபோய்ப் பல வருஷம் ஆன பிறகும் மேஸ்திரி எங்காவது தடுக்கினால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இருவரும் வேறு வேறு சமுதாயம். அது அவர்களுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசவேண்டிய அவசியம்தான் வந்ததில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் மில்லில் மிஷின் மாற்றுவதற்காக லீவு விட்டார்கள். சங்குமுனையில் ஓதியப்பனுக்குச் சிலை இருப்பதாக ஒரு லாரி டிரைவர் சொன்னது மாரிசாமிக்கு ஞாபகம் வந்தது.

"ரெண்டு பேருக்கும் நாப்பது வயசாச்சு, பொம்மை பாக்கப் போறீகளாக்கும்," என்றாள் இருளப்பசாமியின் மனைவி அங்காளம்மாள். புளியோதரை கட்டிக் கொடுத்து, "அண்ணே, அவிய கடல்ல எறங்காமப் பாத்துக்கிடுங்க. நீச்சல் தெரியாது," என்று மாரிசாமியிடம் தனியாகச் சொன்னாள். கடலைப் பற்றித்தான் அவளுக்குப் பயம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது மாரிசாமி ஒரு மாலை வாங்கினான். நல்ல கனமான மாலை, மருக்கொழுந்து வைத்துக் கட்டியது. எங்கள் பக்கத்து ஆளுக்குச் சிலை என்றால் மாலை. வெறுங்கையோடு சிலை பார்க்கப் போவதற்கு அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"பொம்மைக்கா மாலை?" என்றான் இருளப்பசாமி.

"எத்தனையோ பேருக்குப் போடுதோம். இவன் நம்மளச் சிரிக்கவாச்சும் வச்சிருக்கானே."

சங்குமுனையில் இறங்கியதும் நேரே கடற்கரைக்குப் போனார்கள். படத்தில் சாண் உயரத்தில் பார்த்த ஓதியப்பன் இங்கே ஆள் உயரத்துக்கு மேல் நின்றான். இருவரும் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். பிறகு மாரிசாமி பீடத்தில் ஏறி மாலையைப் போட்டான். மாலை ஓதியப்பனின் ஒரு காதில் மாட்டிக்கொண்டு கோணலாகத் தொங்கியது. இருளப்பசாமி மறுபக்கம் ஏறி, தலையைப் பிடித்துக்கொண்டு மாலையை எடுத்துவிட்டான். பல வருஷ உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்த கம்பி அவன் கையோடு வந்துவிட்டது. கம்பியைப் பார்த்தான், மொட்டைத் தலையைப் பார்த்தான். மாரிசாமி சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து இருளப்பசாமியும் சிரிக்க ஆரம்பித்தான். சுண்டல்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் போலீஸ்காரர் வந்தார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வைகுண்டராஜ் அன்று வேலை இல்லாமல் இருந்தார்.

"மாலை போட்டது யாரு?"

"நாந்தான் ஐயா," என்றான் மாரிசாமி.

"எந்தச் சமுதாயம்?"

சொன்னான்.

"முடியைப் பிடுங்கினது?"

"பிடுங்கல ஐயா. துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. கை வச்சேன், வந்துருச்சு," என்றான் இருளப்பசாமி.

"அதக் கேக்கல. எந்தச் சமுதாயம்?"

அவனும் சொன்னான். வைகுண்டராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு சமுதாயம் மாலை போட்டிருக்கு. இன்னொரு சமுதாயம் அவமரியாதை பண்ணியிருக்கு. ஏட்டையா, ரிசர்வ் போலீஸுக்குச் சொல்லிருங்க."

"ஐயா, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தோம். ஒரே பஸ்சு, ஒரே சோத்துப் பொட்டலம்."

"அப்ப முன்னாடியே திட்டம் போட்டிருக்கீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலை தாசில்தார் சுயம்புலிங்கம் தலைமையில் 'சிலைகள் பாதுகாப்பு மற்றும் சமுதாய நல்லிணக்கக் குழு' கூடியது. சுயம்புலிங்கம் நல்ல மனிதர். நெற்றியில் திருநீறு, பேச்சில் பணிவு, யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார். அடுத்த வட்டத்துத் தாசில்தார் ஒரே வருஷத்தில் மூன்று அமைதிப் பேச்சுவார்த்தை நடத்திக் கலெக்டர் கையால் கேடயம் வாங்கியிருந்தார். சங்குமுனை ஆட்கள் மீன் விலைக்கு மட்டுமே சண்டை போடுகிறவர்கள். அதனால் சுயம்புலிங்கத்துக்கு ஒன்றும் அமையாமலே இருந்தது.

"முதல்ல ஒண்ணு தீர்மானமாகணும்," என்றார். "சிலை எந்தச் சமுதாயம்?"

யாருக்கும் தெரியவில்லை. சிலை வைத்த வியாபாரிகளில் ஒருவர், "அது பொம்மைங்க," என்றார். தாசில்தார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இந்த வட்டத்துல நாப்பது சிலை இருக்குங்க. எல்லாத்துக்கும் சமுதாயம் இருக்கு. சமுதாயம் இல்லாத சிலைக்கு யாருங்க பொறுப்பு? ஒரு அசம்பாவிதம்னா நான் யாரைக் கூப்பிட்டுப் பேசறது? பொது இடத்துல ஒரு உருவத்தை அநாதையா நிக்க விடறது மனுஷத்தன்மையா?"

பழைய பத்திரிகைகளைத் தேடி வரவழைத்தார்கள். ஓதியப்பன் வேட்டியை எந்தப் பக்கம் சொருகியிருக்கிறான், மாமியார் வீட்டில் என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறான் என்று வருவாய் ஆய்வாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கருவாடு தின்றிருந்தான், மறுவாரம் விரதம் இருந்தான். பிடிகொடுக்கவில்லை. கடைசியில் சுயம்புலிங்கமே வழி கண்டுபிடித்தார். முதல் மாலை யாருடையதோ, சிலை அவர்களுடையது. இதுவரை சிலைக்கு யாரும் மாலை போட்டதில்லை என்று சுண்டல்காரர் சாட்சி சொன்னார். ஆக, மாரிசாமியின் சமுதாயத்தில் ஓதியப்பன் சேர்ந்தான்.

அடுத்தது நாற்காலி. நடுவில் கயிறு கட்டி இரண்டு பக்கமும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மாரிசாமி கயிற்றைத் தாண்டி இருளப்பசாமி பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனை நாற்காலியோடு தூக்கி இந்தப் பக்கம் வைத்தார்கள்.

"ஐயா, அவன் என் கூட்டாளி."

"அது பிரச்சினைக்கு முந்தின நிலைமைங்க," என்றார் தாசில்தார். "ரெண்டு தரப்பு இல்லாம சமாதானம் எப்படிங்க பண்றது? ஒரே பக்கமா உட்கார்ந்தா அதுக்குப் பேரு பந்திங்க."

ஒரு தரப்புக்கு ஒரே ஆள் போதாது என்று பட்டது. வைகுண்டராஜ் மீன் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் ஜீப்பை அனுப்பி, அந்தந்தச் சமுதாயத்து ஆட்களைப் பொறுக்கிக் கொண்டுவந்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. சோடா கொடுத்தார்கள். ஐஸ் பெட்டியில் இருந்த சோடா இருளப்பசாமி தரப்போடு தீர்ந்துபோய், மாரிசாமி தரப்புக்குச் சூடான சோடா வந்தது. "அவங்களுக்கு மட்டும் கூலிங்கா?" என்று மீன்கூடைக்காரர் ஒருவர் எழுந்தார். எதிர்ப்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். தாசில்தார் இன்ஸ்பெக்டரின் காதில், "பார்த்தீங்களா, உள்ளுக்குள்ள எவ்வளவு இருந்திருக்கு," என்றார்.

பிறகு மாரிசாமியைப் பார்த்து, "உங்க மனசு புண்பட்டுச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா. நாங்க சிரிச்சோம்."

"சிரிச்சது அந்தத் தரப்புங்க. நீங்க புண்பட்டீங்க."

"நான் எதுக்கு ஐயா புண்படணும்?"

வைகுண்டராஜ் குனிந்து மெதுவாகச் சொன்னார். "நீ புண்படலைன்னா நீயும் கூட்டுச் சதி. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா அவனுக்கு ஜாமீன் எடுக்க யாருடா இருக்கா?"

மாரிசாமி கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். இருளப்பசாமியே சத்தம் போட்டுச் சொன்னான்: "ஏலே, சொல்லித் தொலையேன், புண்பட்டுச்சுன்னு. என்ன ஆயிரப்போவுது? வெளிய போயி அங்காளத்துக்குச் சேதி சொல்லு."

"புண்பட்டுச்சு ஐயா," என்றான் மாரிசாமி. அதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்தது. அது நல்ல ஆதாரமாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

இருளப்பசாமி ரிமாண்டில் போனான். மாரிசாமி ராஜபாளையம் வந்து சேருவதற்குள் மாலைப் பத்திரிகை வந்துவிட்டது. அடுத்த நாள் சோழபுரம் வரைக்கும் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அதில் ஓதியப்பன், 'ஐயா ஓதியப்பனார்' ஆகியிருந்தான். கட்டம் போட்ட சட்டையை எடுத்துவிட்டுப் பட்டு வேட்டி கட்டி, கையில் ஒரு வாள் கொடுத்திருந்தார்கள். எதிர்த் தெருவில் ஒட்டிய சுவரொட்டியில் இருளப்பசாமியின் ரேஷன் கார்டுப் படம் இருந்தது. 'முடியை வென்ற மாவீரன்' என்று கீழே போட்டிருந்தது. அவனுடைய ஆட்கள்தான் ஒட்டியிருந்தார்கள். அவனைப் பார்த்தே இராதவர்கள்.

ஜாமீனுக்கு மாரிசாமிதான் அலைந்தான். ஆனால் கையெழுத்துப் போட அவனை விடவில்லை, எதிர்த்தரப்பு எப்படி ஜாமீன் நிற்க முடியும் என்றார்கள். ஒருவழியாக இருளப்பசாமி வெளியே வந்தபோது ரயிலடியிலேயே அவன் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மாரிசாமி தூரத்தில் நின்று கையைத் தூக்கினான். அதை ஜாடை காட்டி மிரட்டியதாக ஒருவன் புகார் கொடுத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு தெரு முனையிலும் வெளியூர்ப் போலீஸ் கூடாரம் போட்டது. மாரிசாமிக்குப் பாதுகாப்பாக ஒரு போலீஸ்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். கூட்டாளியைப் பார்க்கப் போகலாம் என்று செருப்பை மாட்டினால், "எதிர்த்தரப்புத் தெருவுக்கு நீங்க போறது உங்க உசுருக்கு ஆபத்து," என்பார். மில் நிர்வாகமும் நல்லிணக்கத்துக்காகத் தன் பங்கைச் செய்தது. இருவருக்கும் ஷிப்டை மாற்றிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் மாரிசாமி தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டுத் தின்னாமல் மூடி வைத்தான்.

சங்குமுனையிலும் வேலை வேகமாக நடந்தது. ஓதியப்பனைச் சுற்றி இரும்புக் கூண்டு எழுந்தது. பிள்ளைகள் வயிற்றில் ஏறுவது தடைசெய்யப்பட்டது. ஏறிய மூன்று பேரின் அப்பன்களிடம் சமுதாயம் விசாரிக்கப்பட்டது. சுண்டல்காரரை அப்புறப்படுத்தினார்கள். கொஞ்சநாளில் ஓதியப்பனைப் பார்க்கப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை. வேனில்தான் ஆட்கள் வந்தார்கள், வந்து முழக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். ஓதியப்பனின் கதை ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

தாசில்தார் ஒரு முடிவுக்கு வந்தார். பித்தளையில் புது முடி செய்து, இரண்டு தரப்பும் சேர்ந்து பொருத்தினால் பிரச்சினை தீர்ந்துவிடும். 'முடி பொருத்தும் நல்லிணக்க விழா'வுக்கு நாள் குறித்தார்கள். காலையில் ஒரு தரப்பு மாலை போடும், மதியம் மற்றத் தரப்பு. முடியைத் தாசில்தாரே பொருத்துவார். மாரிசாமியும் இருளப்பசாமியும் தத்தம் தரப்பு வேனில் கட்டாயம் வரவேண்டும்.

விழாவுக்கு முந்தின நாள் ஷிப்டு மாறும் நேரத்தில் மில் வாசலில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். மாரிசாமிக்குக் காவலாக வந்த போலீஸ்காரர் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரம் அது.

"எளைச்சுட்டியேலே," என்றான் மாரிசாமி.

"இவனுக பேசற பேச்சக் கேட்டுச் சோறு எறங்கல. முந்தாநாளு ஒருத்தன் எனக்கு அருவா கொண்டாந்து குடுக்கான். நான் இத வச்சு என்ன செய்ய, தேங்காய்க்கா?" இருளப்பசாமி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். "நாளைக்கு முடிஞ்சதும் வேனுல ஏறாத. நானும் ஏறல. பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு, ஒண்ணா வந்துருவோம். வந்து தெருவுல ஒண்ணா எறங்குனா அம்புட்டுப் பேரும் வாயப் பொத்திக்கிடுவான்."

மாரிசாமிக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

விழாவில் சுயம்புலிங்கம் உருக்கமாகப் பேசினார். "கலவரம் வந்த பிறகு பேச்சுவார்த்தை நடத்தறது எல்லாரும் பண்றதுங்க. கலவரம் வர்றதுக்கு முன்னாடியே பேச்சுவார்த்தையைத் தொடங்கி, அதுக்கப்புறமும் விடாம நடத்திக்கிட்டு இருக்கற வட்டம் நம்முடையது. இந்தச் சிலை முன்னாடி எப்படி இருந்துச்சு? நாய்கூட மதிக்கலை. இன்னைக்கு இருநூறு காவலருங்க. ரெண்டு சமுதாயத்துக்கும் நடுவுல என்ன பகைன்னு இங்க பலருக்குத் தெரியாம இருந்துச்சு. அந்த அறியாமையை நீக்கியிருக்கோம்." கூட்டம் கைதட்டியது. அவர் ஏணியில் ஏறி முடியைப் பொருத்தினார். கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தவர் படம் எடுத்தார்.

பிறகு ஒலிபெருக்கியில் இன்ஸ்பெக்டர் வைகுண்டராஜ் பாதுகாப்பு ஏற்பாட்டை விளக்கினார். மோதல் வராமலிருக்க இரண்டு தரப்பும் வேறு வேறு பாதையில் திரும்பவேண்டும். முதல் தரப்பு, அதாவது மாரிசாமியின் ஆட்கள், கிழக்குச் சாலையில். இரண்டாம் தரப்பு வேன்கள் உப்பளம் வழியாகப் பாலத்தைத் தாண்டி, மாலை ஐந்து மணிக்கு. பொதுமக்கள் தெரிந்துகொள்வதற்காக இதை மூன்று தடவை சொன்னார். தெரிந்துகொள்ளவேண்டியவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

மாரிசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் நடந்தான். பாதியிலேயே போலீஸ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். இருளப்பசாமியையும் அங்கே ஒரு முக்கில் பிடித்துக் கொண்டுபோய் வேனில் ஏற்றியதை அவன் பார்த்தான்.

"ஐயா, நான் அந்த வேனுல போயிருதேன். நிக்கிற எடம் இருந்தாப் போதும்," என்று கெஞ்சினான்.

"தரப்பு கலந்து பயணம் பண்ணினா எங்களால பாதுகாப்புக் குடுக்க முடியாது," என்றார் வைகுண்டராஜ். உண்மையிலேயே அக்கறையாகத்தான் சொன்னார்.

பாலத்தில் கல் விழுந்தது. இருளப்பசாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. எறிந்தவர்கள் மாரிசாமியின் சமுதாயம் என்று சொன்னார்கள். எறிந்தவர்களில் ஒருவரைக்கூட மாரிசாமிக்குத் தெரியாது. விழா எந்த அசம்பாவிதமும் இல்லாமல் நடந்ததாகத் தாசில்தார் அறிக்கை கொடுத்தார். பாலம் விழா எல்லைக்குள் வரவில்லை என்பதால் அதில் பொய் இல்லை. அந்த வருஷக் கேடயம் அவருக்குத்தான்.

மறுநாள் உடல் ராஜபாளையம் வந்தது. தெருவெல்லாம் தடுப்புக் கட்டைகள். மாரிசாமி கூடாரத்திலிருந்த அதிகாரியிடம் போய், "பாடை தூக்குற ஆள்ல ஒரு ஆளாப் போறேன் ஐயா. தூக்கிட்டுப் பேசாம வந்துருதேன்," என்றான்.

"உங்க தரப்பு வருத்தத்தை எழுதிக் குடுங்க. நாங்க அங்க படிச்சுக் காட்டிருவோம்," என்றார் அதிகாரி.

மாரிசாமி எழுதிக் கொடுக்கவில்லை. வீட்டுப் பின்பக்கம் வாய்க்கால் வழியாக இறங்கி, சகதியோடு இருளப்பசாமியின் தெருவுக்குள் ஏறிவிட்டான். பந்தலில் ஒப்பாரி நின்றது. இருளப்பசாமியைத் தோளில் தூக்கிச் சென்ற அதே ஆட்கள் எழுந்தார்கள். ஒருவன் குனிந்து கல்லை எடுத்தான்.

அங்காளம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்து நடுவில் நின்றாள். "அடிக்காதீக! அவிய மேல கை வைக்காதீக!"

"ஏம்மா, இவன் மாலை போட்ட ஆளு," என்றான் கல்லோடு நின்றவன்.

அவள் மாரிசாமி பக்கம் திரும்பினாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கடலில் இறங்காமல் பார்த்துக்கொண்டதாகச் சொல்லவா முடியும்? அழுகைதான் வந்தது. அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள்: "அண்ணே, நீங்க இங்க நிக்கக்கூடாது. போயிருங்க. ஒங்க ஆளுக கூடப் போயி நில்லுங்க."

முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. போலீஸ்காரர்கள் வந்து இரண்டு கையையும் பிடித்துத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே ஒரு கூட்டம் நின்றது. இதற்குமுன் அவன் பேசிப் பழகாத ஆட்கள். அவனைக் கண்டதும் மரியாதையாக விலகி, முன்வரிசையில் இடம் விட்டார்கள். பறைச்சத்தம் எழுந்து, தெருவைத் தாண்டி, ஆற்றுப் பக்கமாகப் போனது. மாரிசாமி கட்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரர் அவன் தோளில் கை வைத்தார். "அழாதீக மாப்ள," என்றார் காதோரம். "அவிய பக்கத்து ஆளுக பாக்காக."

மாரிசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக நின்றான்.